வெள்ளைப் புத்தகமும் கடன் கடிதங்களும்

பகலில் என் வேலை கடன் வசூல். மேற்கு லண்டனில் தமிழ்க் கடைகளுக்கு அரிசி, மா, தேங்காய்ப்பால், மீன்டின் எல்லாம் மொத்தமாகக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். சரக்கெடுத்த கடைக்காரர் முப்பது நாளுக்குள் காசு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முதலில் போன், அடுத்து மின்னஞ்சல், அதற்கும் அசையாவிட்டால் சிவப்பில் தலைப்புப் போட்ட ஒரு கடிதம். அதன் பிறகும் பேச்சில்லை என்றால் கோப்பு சொலிசிட்டரிடம் போய்விடும். அங்கே போன கோப்பு என்னவாகிறது என்று எங்கள் பகுதியில் யாரும் கேட்பதில்லை. சில மாதம் கழித்துப் பணம் வரும், அல்லது வராது.

நான் சட்டம் படிக்கப் போனதற்குக் காரணம் அந்தக் கோப்புகள் அல்ல. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வழக்கு என்பது வீட்டுக் கதை. அப்பப்பா பக்கத்துக் காணிக்காரரோடு வேலி வழக்கு நடத்தினார். இருவரும் செத்து, பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போன பிறகு வழக்கு தானாக அடங்கியது. அப்புக்காத்துக்கு, அதாவது வக்கீலுக்கு, கொடுத்த காசில் அந்த வேலி நின்ற துண்டு நிலத்தைப் பலமுறை வாங்கியிருக்கலாம் என்று அம்மா சொல்லுவா. அப்படி என்னதான் அந்த அப்புக்காத்துமார் செய்தார்கள் என்று அறிய ஓர் ஆசை. அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் சொலிசிட்டராக வர, 1993 முதல் எல்.பி.சி. என்ற தொழிற்படிப்பு இருந்தது. முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் இரண்டு. 2021 செப்டம்பரில் எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வு அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. அதன் முதற்கட்டத்தில் மட்டும் 360 பல்தேர்வு வினாக்கள். முன்பே பழைய பாதையில் கால் வைத்தவர்கள் அதிலேயே முடிக்கலாம் என்று சலுகை இருப்பதால் நான் பழைய பாதை.

வகுப்பு வார இறுதியில். இரவு வேலை முடித்து நேரே வரும் தாதி, போலீஸ்காரர், சின்னப் பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு வரும் ஒரு தாய், வீடு விற்கும் ஏஜென்சியில் இருக்கும் பொடியன். முழுநேர மாணவர்களை விட நாங்கள் வயதில் மூத்தவர்கள், கொட்டாவியிலும் மூத்தவர்கள். சிவில் வழக்கு நடைமுறை படிப்பித்தவர் பல காலம் சொலிசிட்டராக இருந்தவர். இங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வராது. நான் கடைசிவரை ‘சேர்’ என்றேதான் கூப்பிட்டேன்.

வாதாடப் படிப்பிப்பார்கள் என்று நினைத்துப் போனால், சேர் முதல் வகுப்பில் எல்லாருக்கும் ஒரு கலண்டர் தாளைக் கொடுத்தார். கூடவே ஒரு கணக்கு. வழக்குப் படிவத்தை வியாழக்கிழமை முதல்தர அஞ்சலில் போட்டால் அது எதிராளிக்கு எப்போது போய்ச் சேர்கிறது? தபால்காரர் வெள்ளி கொண்டுவரலாம், அடுத்த புதன் கொண்டுவரலாம். விதிக்கு அதில் அக்கறை இல்லை. அனுப்பியதற்குப் பின்வரும் இரண்டாவது வேலைநாளில் சேர்ந்ததாக அது எடுத்துக்கொள்ளும். ஆகவே திங்கள். அந்த வெள்ளி பெரிய வெள்ளியாக இருந்தால்? ஈஸ்டர் திங்களும் விடுமுறை, ஆகவே புதன். கோரிக்கை விவரமும் படிவத்தோடு சேர்ந்து போயிருந்தால் அந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் எதிராளி ‘கிடைத்தது’ என்று நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது நேராகப் பதிலுரை போட வேண்டும். தெரிவித்துவிட்டால் பதிலுரைக்கு மொத்தம் 28 நாள். இரண்டு தரப்பும் இணங்கினால் இன்னும் 28 நாள் வரை நீட்டலாம். போலீஸ்காரர் விரல்விட்டு எண்ணினார். தாதிக்கு மட்டும் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. மருந்து நேரம் கணக்குப் பார்த்துப் பழகிய கை.

இந்த நாள் கணக்கெல்லாம் இருப்பது சி.பி.ஆர். எனப்படும் சிவில் நடைமுறை விதிகளில். அவற்றை விளக்கவுரையோடு சேர்த்து வருடாவருடம் வெளியிடும் நூலுக்கு வெள்ளைப் புத்தகம் என்று பெயர். இரண்டு பாகம், ஆயிரக்கணக்கான பக்கம், பைபிள் தாள் மாதிரி மெல்லிய தாள். ரெயிலில் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனால் தோள் சொல்லும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? முன்பு இங்கிலாந்திலும் வழக்கு வழக்கறிஞர்களின் கையில் அவர்கள் இஷ்டத்துக்கு நகர்ந்தது. செலவு கூடியது, காலம் இழுபட்டது, சாதாரண மனிதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வூல்ஃப் பிரபு இதை ஆராய்ந்து 1996-ல் இறுதி அறிக்கை கொடுத்தார். அதன் பிள்ளைதான் 1999 ஏப்ரல் 26-ல் நடைமுறைக்கு வந்த சி.பி.ஆர். வழக்கை நகர்த்தும் கயிற்றை நீதிபதியின் கையில் கொடுத்தது அது. முதல் விதியே, வழக்கை நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. 2013-ல் ‘தகுந்த செலவில்’ என்பதையும் அதில் சேர்த்தார்கள். அப்பப்பாவின் வேலிக்கு இந்த விதி இருந்திருந்தால் வழக்கின் அளவுக்கு மேல் செலவு போவதை நீதிபதி முதலாம் வருடமே கேட்டிருப்பார்.

அந்த 2013-ல்தான் விதி எவ்வளவு இறுகும் என்பதை எல்லாரும் கண்டார்கள். அப்போதைய ஆளும் கட்சியின் முன்னாள் தலைமைக் கொறடா ஆண்ட்ரூ மிட்செல் ஒரு பத்திரிகை நிறுவனத்தின் மீது அவதூறு வழக்குப் போட்டிருந்தார். வழக்குச் செலவுத் திட்டத்தை விசாரணைக்கு ஏழு நாள் முன்பு கொடுத்திருக்க வேண்டும். அவருடைய சொலிசிட்டர்கள் முதல்நாள் கொடுத்தார்கள். திட்டத்தில் இருந்த தொகை ஐந்து இலட்சம் பவுணுக்கு மேல். நீதிமன்றக் கட்டணத்தைத் தவிர ஒரு சதமும் எதிராளியிடம் கேட்க முடியாது என்று உத்தரவு. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை அசைக்கவில்லை. பிறகு ஊரிலுள்ள சொலிசிட்டர்கள் எல்லாம் எதிராளி ஒரு நாள் பிந்தினாலும் பாய்ந்து பிடிக்கத் தொடங்க, விதியைப் பற்றிய வழக்கே ஒரு தொழிலாகிவிட்டது. 2014 ஜூலையில் டென்டன் வழக்கில் அதே நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியது. பிழை பாரதூரமானதா, ஏன் நடந்தது, எல்லாச் சூழ்நிலையையும் பார்த்தால் எது நியாயம் என்று மூன்று கேள்வி. எங்கள் வகுப்பில் இந்த மூன்றையும் மனப்பாடம் செய்யாதவர் கிடையாது.

எனக்கு அதைவிட உறைத்தது 2018 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த இன்னொரு வழக்கு. ஒருவர் தன் பழைய சொலிசிட்டர்கள் மீது கவனக்குறைவு என்று வழக்குப் போட்டார். வழக்கறிஞர் இல்லை, தானே நடத்துகிறார். வழக்குப் படிவத்தை எடுத்த நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும். அந்தக் கெடுவின் விளிம்பில், எதிர்த்தரப்புச் சொலிசிட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அவர்களோடு முன்பு மின்னஞ்சலில் பேசியும் இருக்கிறார். ஆனால் படிவத்தை மின்னஞ்சலில் ஏற்போம் என்று அவர்கள் சொல்லியிருக்கவில்லை. விதிப்படி அப்படிச் சொல்லியிருந்தால்தான் அது சேர்ப்பித்ததாகும். நாலு மாதம் முடிந்தது, காலவரம்பும் கடந்தது, வழக்குச் செத்தது. தானே நடத்துகிறவருக்கென்று தனி விதி இல்லை, விதி யாரும் வாசிக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் தீர்த்தார்கள். இருவர் மாறுபட்டார்கள். எனக்கு அந்த இருவர் பக்கம்தான் மனம். படிவம் போய்ச் சேர்ந்தது, எதிராளி வாசித்தார், இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பரீட்சையில் மூவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும்.

திங்கட்கிழமைகளில் அலுவலகத்தில் என் சிவப்புக் கடிதத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். வழக்குக்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கும் இங்கே நெறிமுறை உண்டு. கடனுக்கென்று தனியாக ஒன்று 2017 அக்டோபரில் வந்தது. வியாபார நிறுவனம் ஒன்று தனிமனிதரிடம் கடன் கேட்டால், கணக்கு விவரம், பதில் படிவம், வருமானச் செலவுப் படிவம் எல்லாம் சேர்த்து அனுப்பி, பதிலுக்கு 30 நாள் விட வேண்டும். இதில் தனிமனிதர் என்றால் சொந்தப் பெயரில் கடை நடத்துபவரும் அடக்கம். கடை லிமிட்டெட் கம்பனியாகப் பதிவாகியிருந்தால் அடக்கமில்லை. எங்கள் பட்டியலில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. ‘ஏழு நாளுக்குள் கட்டாவிட்டால்’ என்று எல்லாருக்கும் ஒரே கடிதம் போய்க்கொண்டிருந்தது. மனேஜரிடம் காட்டினேன். அவர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் பட்டியல் இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

எழுத்து வேலைதான் எனக்குப் பிடித்த பகுதி. கோரிக்கை விவரத்தை இலக்கமிட்ட பந்திகளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி: யார் யாரோடு எப்போது ஒப்பந்தம் செய்தார், என்ன கொடுத்தார், என்ன கொடுக்கவில்லை, எவ்வளவு நிலுவை, என்ன வட்டி. நான் ஒரு பந்தியில் எதிராளி ‘வேண்டுமென்றே ஏமாற்றினார்’ என்று எழுதியிருந்தேன். சேர் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ‘சாட்சி எங்கே?’ என்று எழுதித் திருப்பித் தந்தார். ஏமாற்று என்று எழுதினால் அதை நிரூபிக்கும் பாரம் நம் தலையில் ஏறும். காசு தரவில்லை என்று எழுதினால் ரசீது போதும். கடைசியில் உண்மை உறுதிமொழி. தெரிந்து பொய் எழுதிக் கையெழுத்திட்டால் நீதிமன்ற அவமதிப்பு, சிறைக்கும் போகலாம்.

பணம் கேட்பதற்கும் பணம் கட்ட வேண்டும். பத்தாயிரம் பவுணுக்கு மேல் இரண்டு இலட்சம் வரையான கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு ஐந்து. இருபதாயிரம் கேட்டால் ஆயிரம் பவுண் கையிலிருந்து முதலில் போகும். பொதுவாக, பத்தாயிரம் வரை சிறு வழக்கு. அதில் வென்றாலும் வக்கீல் செலவு கிடைக்காது. அதற்கு மேல் போனால் தோற்றவர் வென்றவரின் செலவையும் சுமக்க வேண்டும் என்பதே பொது விதி.

அந்தச் செலவுதான் ‘பார்ட் 36’ என்ற விதியின் பல். எங்கள் பாடத்தில் அதிகம் மண்டையைக் காய்ச்சியதும், என் கணிப்பில் அதிக மூளை செலவழித்து எழுதப்பட்டதும் இதுதான். நீங்கள் 20,000 பவுண் கேட்டு வழக்குப் போடுகிறீர்கள். எதிராளி, ‘14,000 தருகிறேன், முடித்துக்கொள்வோம்’ என்று முறைப்படி எழுதுகிறார். யோசிக்கக் குறைந்தது 21 நாள் உங்களுக்கு. நீங்கள் உதறுகிறீர்கள். வழக்கு நடக்கிறது. இப்படியொரு கடிதம் இருப்பதே நீதிபதிக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது. அவர் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி 13,500 கொடுக்கிறார். வென்றுவிட்டீர்கள். அதன் பிறகுதான் கடிதம் மேசைக்கு வரும். அந்த 21 நாள் முடிந்த பிறகு ஆன எதிராளியின் செலவை, வென்ற நீங்களே கட்ட வேண்டியிருக்கும். சொலிசிட்டர், பாரிஸ்டர், நிபுணர் அறிக்கை எல்லாம் சேர்ந்தால் 13,500-ல் மிஞ்சுவது என்ன?

இந்தப் பல் மறுபக்கத்தையும் கடிக்கும். நீங்களே ‘15,000 தந்தால் போதும்’ என்று எழுதி, எதிராளி மறுத்து, தீர்ப்பில் 16,000 வந்தால், வட்டி அடிப்படை வீதத்துக்கு மேல் பத்து வீதம் வரை ஏறலாம். தீர்ப்புத் தொகையிலும் பத்து வீதம் மேலதிகமாகக் கிடைக்கலாம். யாரையும் இணங்கச் சொல்லி விதி வற்புறுத்தவில்லை. மறுப்பதற்கு ஒரு விலை போட்டு வைத்திருக்கிறது. வகுப்பில் வீடு விற்கும் பொடியன்தான் இதை முதலில் பிடித்தான். அவனுடைய தொழிலே அதுதானே.

சமரசத்துக்குப் போ என்று நீதிமன்றம் கட்டளையிடலாமா என்ற கேள்வி இங்கே கனகாலம் இழுபட்டது. பக்கத்து நிலத்திலிருந்து ஜப்பானிய நொட்வீட் என்ற களை வீட்டுக்காரரின் காணிக்குள் பரவியதால் வேல்ஸில் மேர்தர் டிட்வில் கவுன்சில் மீது வந்த வழக்கில், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘தகுந்த வழக்கில் கட்டளையிடலாம்’ என்றது. 2024 மே முதல் சிறு பண வழக்குகளில், நீதிமன்றச் சேவையே ஒரு மணி நேரம் இலவசமாகத் தொலைபேசியில் சமரசம் பேச வைக்கிறது, அதைத் தவிர்க்க முடியாது. இதை வகுப்பில் பெரிய புதுமை என்று பேசினார்கள். இலங்கையில் 1988-ம் ஆண்டின் 72-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் வந்து, சிறிய தொகை வழக்கென்றால் முதலில் அங்கே போய்விட்டு வா என்று சொல்லத் தொடங்கி எவ்வளவு காலம்! கை உயர்த்திச் சொன்னேன். சேர் குறித்துக்கொண்டார்.

வாதாட்டமும் இருந்தது, கடைசியில். பத்து நிமிடம், கற்பனை வழக்கு, நீதிபதி இடத்தில் ஓர் ஆசிரியர். பதில் போடாததால் ஒருவருக்கு எதிராக விசாரணையின்றித் தீர்ப்பாகிவிட்டது. அதை நீக்கித் தரும்படி நான் கேட்க வேண்டும். வழக்கில் வெல்ல உண்மையான வாய்ப்பு இருக்கிறதா, அல்லது வேறு நல்ல காரணம் உண்டா, தெரிந்தவுடன் தாமதிக்காமல் வந்தாரா என்பதுதான் விதி. பரிதாபத்துக்கு அங்கே இடமில்லை. ‘அவர் ஊருக்குப் போயிருந்தார்’ என்று தொடங்கினேன். ‘எந்தத் திகதியில் போனார், எந்தத் திகதியில் வந்தார், கடவுச்சீட்டின் பிரதி இணைத்திருக்கிறீர்களா?’ என்று கேள்வி வந்தது.

உண்மையான நீதிமன்றத்திலும் இதே கேள்விகள்தான். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சிறு வழக்கு ஒன்றைப் பார்க்கப் போனேன். யாரும் போய் இருக்கலாம். விக் இல்லை, கூண்டு இல்லை. அலுவலக அறை மாதிரி ஒன்றில் மாவட்ட நீதிபதி சாதாரண உடையில் இருந்தார். வீட்டுக்காரப் பெண் ஒருவரும் குளியலறைக்கு ஓடு பதித்தவரும் எதிரெதிரே. ஓட்டுக்காரர் வாட்ஸப் படங்களை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஒன்றிலும் திகதி இல்லை. அந்தப் பெண், கட்டிய காசுக்கு வங்கிக் கணக்குத் தாள், வெடித்த ஓட்டின் படம், அவருக்கு அனுப்பிய கடிதம் என்று பக்க இலக்கமிட்டுக் கட்டி வைத்திருந்தார். ஓட்டுக்காரர் நல்ல பேச்சுக்காரர், நீதிபதியும் பொறுமையாகக் கேட்டார். ஆனால் குறிப்பெடுத்தது அந்தக் கட்டிலிருந்துதான்.

சட்டம் படிக்கிறாள் என்று தெரிந்தால் நம் ஆட்கள் விடமாட்டார்கள். கலியாண வீட்டில், “அப்புக்காத்து வந்திட்டா” என்று பகிடி. பிறகு ஓரமாகக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டுவார்கள். எங்கள் தெருமுனைக் கடைக்கார அண்ணை ஒரு நாள் காசு மேசையின் லாச்சிக்குள்ளிருந்து நோர்த்தாம்ப்டன் நீதிமன்ற முத்திரை போட்ட உறையை எடுத்தார். குளிர்ப்பெட்டி வாடகை நிலுவை என்று ஒரு கம்பனி போட்ட வழக்கு. உறை பிரிக்கப்படவே இல்லை.

“என்னண்ணை, எப்ப வந்தது?”

“போன கிழமை, பிள்ளை. திறந்தால் வாங்கினதெண்டு ஆகிடுமெல்லோ? அதுதான் அப்படியே வைச்சனான்.”

பலர் இப்படி நம்புகிறார்கள். வழக்கு நடத்தித் தருவது உரிமம் பெற்றவர்களுக்கே உரிய வேலை, மாணவி நான் அதைச் செய்யக்கூடாது. ஆகவே படிவத்தில் கெடு எங்கே இருக்கிறது என்று காட்டினேன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அண்ணை கெடுவுக்குள் பதில் போட்டுவிட்டார். குளிர்ப்பெட்டி பாதி நாள் வேலையே செய்யவில்லை என்பதற்கு அவரிடம் ரிப்பேர்காரரின் ரசீதுகள் இருந்தன.

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருப்பவர்களுக்கும், இங்கே பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். நீதிமன்ற உறை வந்தால் அன்றைக்கே பிரியுங்கள், படிவத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். பதில் போடாமல் தீர்ப்பாகிவிட்டால், ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டினாலொழிய அது ஆறு வருடம் பதிவேட்டில் கிடக்கும், வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். கடன் உண்மையா பொய்யா என்பது பிறகு பேசுவதற்கு. முதலில் ‘கிடைத்தது, எதிர்க்கிறேன்’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டு அனுப்பினால் பதிலுரைக்கு 28 நாள் கையில் கிடைக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது.